ஈச்சமலை ஆள் கணக்கு

11 ஜனவரி 1988, திங்கள்

தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை எலெக்ட்ரிக் டிரெயினில் நின்றுகொண்டே வந்தேன். அங்கிருந்து ஜல்லி லாரியில். ஈச்சமலைக் குவாரியில் இன்று எனக்கு முதல் நாள். அப்பாவின் குவாரி, அசரியா அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தது. அக்டோபரில், வெடி எதுவும் இல்லாத நேரத்தில், மேலேயிருந்து ஒரு கல் தானாக உருண்டு வந்து அண்ணன்மேல் விழுந்தது. தானாக என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

அப்பா அன்றிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. முன்னறையில் அண்ணனுடைய பிரம்பு நாற்காலியில் யாரையும் உட்காரவிடுவதும் இல்லை. குவாரியில் பங்குதாரர் சத்தியநாதன் சித்தப்பா, "வித்துடலாம்மா தபீதா" என்றார். விற்கிறதாவது. என் அண்ணனைத் தின்ற மலையை ஒரு கல் மிச்சமில்லாமல் உடைத்து ரோட்டில் கொட்டிவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. அடுத்த வருஷம் மார்ச் வரைக்கும் லீஸ் இருக்கிறது. போதும்.

திரி பற்றவைக்கிறவர் சிட்டிபாபு மேஸ்திரி. "மேல கல்லாளுங்க கீறானுங்க சின்னம்மா, பாத்துப் போ" என்றார். வேலைக்கு வருவார்களா கேளுங்கள், ஆள் பற்றாக்குறையாக இருக்கிறது என்றேன். மனுஷன் சிரிக்கவில்லை.

20 ஜனவரி

இங்கே ஒரு வழக்கம். மத்தியானம் வெடி வைக்கும் முன்னால் எல்லாரும் ஷெட்டுக்கு வந்துவிட வேண்டும். சிட்டிபாபு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "கீறேன்" என்று பதில் வரவேண்டும். ஒரு பேருக்குப் பதில் வராவிட்டாலும் தீப்பெட்டியைத் தொடமாட்டார். இதற்கு ஆள் கணக்கு என்று பெயர்.

முன்பெல்லாம் பதில் சொல்கிறவர்கள், ஷெட்டுக்குப் பின்னால் பாறையில் அறைந்த கொக்கியில் தொங்கும் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் ஒரு அடி அடித்துவிட்டு வருவார்களாம். அடிவாரத்தில் புதிதாகக் குடிவந்த காலனிக்காரர்கள், குழந்தை தூங்கவில்லை, தலை வலிக்கிறது என்று மனுமேல் மனு போட்டார்கள். அண்ணன் செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டுச் சிவப்புக் கொடி வைத்தான். கணக்கு மட்டும் வாயால் நடக்கிறது. தண்டவாளம் துருப்பிடித்துத் தொங்குகிறது.

9 பிப்ரவரி

இதை எழுதலாமா? எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

சாப்பாட்டு நேரத்தில் மேலே பாறைப் பிளவுப் பக்கம் போய் டப்பாவைத் திறந்தேன். ஒரு கல் என் காலுக்குச் சாண் தள்ளி வந்து விழுந்தது. பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எழுந்து நின்று அந்தப் பாறையை வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் அண்ணன் உனக்கு என்ன பண்ணினான், தைரியம் இருந்தால் மூஞ்சியைக் காட்டு, ஒளிந்துகொண்டு கல் தள்ளுகிற பிழைப்பும் ஒரு பிழைப்பா— இன்னும் என்னென்னவோ. சர்ச்சில் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

பாறை பதில் சொன்னது.

"இன்னா சின்னம்மா, இம்மாம் பேச்சு."

பாறையின் நிழல் பக்கம் தனியாகப் பிரிந்து ஓர் ஆளாக வந்து நின்றது. ஆறடிக்கு மேல். கல்லைப் புதிதாக உடைத்தால் உள்பக்கம் நீலமும் கறுப்புமாக, நடுவில் பொடிப்பொடியாக மினுக்குமே, அந்தத் தோல். கண்ணில் வெள்ளை இல்லை. மூச்சு விடவில்லை. வெயில் விழும் இடத்துக்கு ஓரடி இப்பால் நின்றான். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழகு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழகுதான். கர்த்தரே, என்னென்ன படைத்து வைத்திருக்கிறீர், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

"உங்கண்ணன் மேல கல்ல வுட்டது நான்தான்" என்றான்.

டப்பாவை அவன் மூஞ்சியில் வீசினேன். அது சப்பையாகி விழுந்தது. ஓடி வந்துவிட்டேன்.

10 பிப்ரவரி

காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

12 பிப்ரவரி

போனேன். ஏன் செய்தாய் என்று கேட்காமல் எப்படி இருப்பது?

"மணி அடிக்காம வெடி வெச்சது யாரு?" என்று திருப்பிக் கேட்டான்.

மலைக்குள் அவர்கள் ஊர் இருக்கிறது. வெடிக்கு முன்னால் தண்டவாளம் அடிக்கிற சத்தம் கல் வழியாக உள்ளே வரும். கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுவார்கள். இருபது வருஷமாக இப்படித்தான். அவர்களுக்கு நம்மைப் பிடிக்காது, நம்மால் ஊர் தேய்ந்துகொண்டே வருகிறது, ஆனாலும் சொல்லிவிட்டு உடைக்கிறார்கள் என்று ஒரு மரியாதை இருந்ததாம். செப்டம்பரில் ஒருநாள் சத்தம் வரவில்லை. வெடி மட்டும் வந்தது. அவன் தங்கை அந்தப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"கொடி புட்சா எங்களுக்கு இன்னா தெரியும்? கல்லுக்குள்ள கொடி தெரியுமா சின்னம்மா?"

அந்தப் பக்க எல்லைக்கு இவன்தான் காவல். கணக்குத் தீர்க்க இவனை அனுப்பினார்கள்.

கடைசியில் நான் கேட்டது என்ன தெரியுமா? தமிழ் எங்கே கற்றுக்கொண்டாய் என்று. "செவுத்துக்கு அந்தாண்ட உங்காளுங்க இத்தினி வருசமா பேசிகினே கீறாங்களே" என்றான். இருட்டு ராஜ்யத்துக் காவல்காரன் பேசுவது அச்சாகச் சிட்டிபாபு தமிழ். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவன் முன்னால் அழுதுவிட்டேன், அதுதான் எரிச்சல்.

15 பிப்ரவரி

தண்டவாளத்தை மறுபடி அடிக்கச் சொல்லிவிட்டேன். என் பேர் வந்ததும் நானும் அடித்தேன். அவனை மன்னிக்கவில்லை. சாகும்வரை மன்னிக்கமாட்டேன். ஆனால் சொல்லாமல் வெடி வைப்பது அநியாயம், அவ்வளவுதான்.

காலனிச் சங்கச் செயலாளர் எட்மண்ட் சார் கைலியைக்கூட மாற்றாமல் மூச்சிரைக்க ஏறி வந்தார். "மேடம், திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா? மனுஷன் குடியிருக்க வேணாமா?" காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் சார் என்றேன். இனி தினம் வருவார்.

5 ஏப்ரல்

ஈஸ்டர் முடிந்து வேலை. பிளவுக்குப் போனேன். திட்டத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது இப்போதெல்லாம் எடுபடவில்லை.

அவனுக்கு உப்பு பிடிக்கிறது. காகிதத்தில் மடித்துக் கொண்டுபோன கல்லுப்பை ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துக்கொண்டு, பிள்ளை மிட்டாய் தின்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டான். "இது கடலு" என்றான். "இந்த எடம் பூரா ஒரு காலத்துல கடலு. எங்க பாட்டனுங்க பாத்துகீறாங்க." எவ்வளவு காலத்துக்கு முன்னால் என்று கேட்கப் பயமாக இருந்தது.

பேர் என்ன என்றேன். "எங்க பேரு சொல்ல ஒரு மழக்காலம் ஆவும். உங்க கணக்குல துளசிங்கம்னு ஒரு பேரு வந்துகினு இருந்துச்சு. கொஞ்ச நாளா காணோம். காலியா கீதேன்னு நான் எடுத்துக்கினேன்." துளசிங்கம் வேலையை விட்டுக் காஞ்சிபுரம் போய்விட்டான் என்று சிட்டிபாபு சொல்லியிருந்தார். அவன் பேர் இங்கே இப்படி ஒரு ஆளிடம் சிக்கியிருக்கிறது.

22 ஜூலை

உள்ளே போய் வந்தேன்.

எப்படி எழுதுவது? கையைக் கொடு என்றான், கொடுத்தேன், அடுத்த அடி வைத்த இடத்தில் வெயில் இல்லை. கும்மிருட்டு. பயத்தில் அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன், என் குரல் பட்ட இடமெல்லாம் வெளிச்சமானது.

அங்கே சத்தம்தான் வெளிச்சம். யாராவது பேசினால் சுவர் மினுக்கும். பிள்ளைகள் ஓடினால் காலடி காலடியாகத் தெரு தெரியும், பின்னாலேயே அணைந்துகொண்டு வரும். கூடமும் படியும் தூணும், எல்லாம் கல்லுக்குள் கல்லாகவே, நம் கோயில் கோபுரமெல்லாம் அதற்குப் பிள்ளை. நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

அப்புறம் ஊர் சனம் என்னைப் பார்த்தது. அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். மொத்தமும் இருண்டுபோனது. அவர்கள் பகையைக் காட்டுகிற விதம் அது. அந்த இருட்டில் நான் தனியாக நின்றேன். எவ்வளவு நேரமோ. யாரோ நாக்கைத் தட்டி ஒரு சின்ன ஒலி எழுப்பினார்கள். என் முகத்தருகே ஒரு வயதான முகம், அவன் அம்மா. என்னையே பார்த்தாள். மறுபடி இருட்டு.

திரும்பும்போது, "நில்லு, இத்த பாத்துட்டுப் போ" என்றான். தரை லேசாக அதிர்ந்தது. மலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, நீல வெளிச்சம் அலையாக எழும்பி, மெதுவாக, ஊர் முழுவதையும் காட்டிக்கொண்டே போனது. கோபமாக இருந்த சனம் எல்லாம் அண்ணாந்து பார்த்தது. என்ன அது என்றேன்.

"எலெக்ட்ரிக் டிரெயினு. தாம்பரத்துல இருந்து வருது. ஒவ்வொரு தபாவும் ஊரே நின்னு பாக்கும்."

நான் தினம் கம்பியைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே போகிற அந்த டிரெயின்.

வெடி விழுந்த இடங்களையும் காட்டினான். அங்கே எவ்வளவு கத்தினாலும் வெளிச்சம் வரவில்லை. அவன் தங்கை இருந்த இடம் அதில் ஒன்று. அந்த இருட்டில் நின்று, அண்ணன் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். வெளியே கொண்டுவந்து விடும்போது அவன் சொன்னான்: "தண்டவாளத்துல ஒவ்வொருத்தன் அடியும் ஒரு வெளக்கு. சிட்டிபாபுது மஞ்சளா இயுத்துகினு வரும். உன்னுது வந்தா தெரு பூரா தெரியும். கோவமா அடிக்கிற இல்ல."

18 செப்டம்பர், ஞாயிறு

ஆராதனையில் ஒரு வரிகூடக் காதில் ஏறவில்லை. எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன். அண்ணனைக் கொன்றவன். அவன் வந்து நிற்கப்போகிற நிழலை நான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அசரியா, என்னை மன்னிச்சிடுடா.

24 அக்டோபர்

அவனும் சொன்னான். "பேஜாராப் போச்சு தபீதா. காவலுக்கு நின்னா எல்லைய பாக்கணும். நான் நீ ஏறி வர வழியப் பாத்துகினு கீறேன்." சின்னம்மா போய் தபீதா வந்துவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலக் கல்லின் சூடு.

உள்ளே வந்துவிடு என்றான். தங்கிவிட்டால் வெயில் என்னை மறந்துவிடுமாம், திரும்ப முடியாது. அப்பாவை யார் பார்ப்பார்கள்? நீ வெளியே வா என்றேன். மலைமேல் எங்கே வேண்டுமானாலும் நிழலில் நிற்கலாம். மலையை விட்டு இறங்கி மண்ணில் கால் வைத்தால் மலை அவனை மறந்துவிடும். அம்மா, ஊர், எதற்கும் கதவு கிடையாது. நான் அதற்கப்புறம் கேட்கவில்லை.

20 மார்ச் 1989

சித்தப்பா பெரிய ஆர்டர் பிடித்து வந்திருக்கிறார். லீஸ் முடிவதற்குள் மலையின் நடுவயிற்றில் துளை போட்டு, ஒரே வெடி. "நீ ஆசைப்பட்டதுதானேம்மா. ஒரு கல் மிச்சம் இருக்காது" என்றார்.

ஆமாம், நான்தான் ஆசைப்பட்டேன்.

25 மார்ச்

துளை போட்டாயிற்று. அவனிடம் சொன்னேன். எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விடு, வண்டலூர் மலைக்கு. சிரித்தான். அங்கே இருப்பவர்கள் இவர்களை உள்ளே சேர்க்கமாட்டார்களாம், அது வேறு பகை. "நீ மணி அடி. புள்ளைங்கள ஒரு ஓரமா வெச்சுக்கறோம். மத்தபடி எங்கயும் போவல" என்றான். நடுவயிறு போனபின் ஓரம் ஏது?

28 மார்ச், செவ்வாய்

மத்தியானம் ஆள் கணக்கு. நான் பிளவில் போய் உட்கார்ந்துகொண்டேன். கீழே ஒவ்வொரு பேராக வந்தது. கீறேன், டங்கு. கீறேன், டங்கு. கடைசியில் "தபீதா அம்மா" என்றார் சிட்டிபாபு.

நான் பதில் சொல்லவில்லை.

இன்னொரு தடவை கூப்பிட்டார். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். எனக்குப் பின்னால் பாறை சூடாக இருந்தது, அவன் நிற்கிறான் என்று தெரிந்தது. "போ தபீதா, போய்டு" என்று முணுமுணுத்தான். போகவில்லை.

சித்தப்பா கத்துவது கேட்டது. தீப்பெட்டியை இங்கே கொடு என்றார். சிட்டிபாபு சொன்னது எனக்கு மேலே வரைக்கும் கேட்டது: "கணக்கு சரியாவல சார். ஆள் மேல கீது." ஆட்கள் எல்லாரும் அவரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்களாம்.

29 மார்ச்

இன்றும் பதில் சொல்லவில்லை.

31 மார்ச்

லீஸ் முடிந்தது. சித்தப்பா என் முகத்தில் விழிக்கமாட்டாராம். அவர் பங்கை அடைக்கத் தாம்பரம் வீட்டை விற்கவேண்டும். ஆட்கள் வேறு குவாரிக்குப் போகிறார்கள். ஜல்லி உடைக்கிற தனக்கோடி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாத்துக்கு இப்டி பண்ண?" என்றாள்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல்லைத் தள்ளியது யார், ஏன், அந்தத் தங்கை, நான் எங்கே விழுந்து கிடக்கிறேன், எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தார். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

2 ஜூன் 1990

அடிவாரத்திலேயே, காலனித் தெருவில் மலைக்குத் தள்ளியிருக்கிற கோடியில், சின்ன வீடு. நான் கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. சிட்டிபாபு பக்கத்திலேயே டீக்கடை போட்டுவிட்டார். சாயங்காலம் மேலே போகிறேன், தண்டவாளத்தை ஒரு அடி அடிக்கிறேன். உள்ளே தெரு தெரியட்டும். அவன் பிளவில் வந்து நிற்கிறான். பேசுகிறோம். இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறேன்.

அப்பா இன்னும் பேசவில்லை. நாற்காலி காலியாகவே இருக்கிறது.

11 நவம்பர் 1993

ஒரு நரை. அவனிடம் காட்டினேன். "மினுக்குது. எங்காளு மாதிரி ஆயிகினு வர" என்று சந்தோஷப்பட்டான்.

15 ஜூன் 1996, சனி

மூன்று நாளாக மழை. காலையில் ஜன்னலருகே நின்றிருந்தேன். தெருவில் டங்கு டங்கு என்று சத்தம். தண்டவாளம். ஆனால் தண்டவாளம் மலைமேல் அல்லவா இருக்கிறது?

கதவைத் திறந்தேன். காலனித் தெரு நடுவில் அவன். கொக்கியோடு பிடுங்கிய தண்டவாளத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறுகையால் அடித்துக்கொண்டு நின்றான். மழை அவன்மேல் விழுந்து ஆவியாக எழும்பியது. நான் அவன் காலைத்தான் பார்த்தேன். தார் ரோட்டில் இருந்தது. இனி மலை அவனை மறந்துவிடும்.

"மல எறங்குது. எல்லாரையும் வெளிய வரச்சொல்லு" என்றான்.

நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மணி அடித்தால் சண்டைக்கு வருவதுதான் இந்தக் காலனியின் வழக்கமாயிற்றே. வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. குடையும் கைலியுமாக எட்மண்ட் சார் முன்னால், பின்னால் அத்தனை பேரும், பிள்ளைகள் உள்பட. "குவாரி மூடி ஏழு வருஷம் ஆச்சு, ஆள் வெச்சு மணியடிக்கிறீங்களா மேடம்? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று என் கேட்டைப் பிடித்து உலுக்கினார். வேடிக்கை பார்க்கத் தெரு முழுவதும் என் வாசலுக்கு வந்துவிட்டது.

அப்போது மலை இறங்கியது. குவாரிக்காக நாங்கள் செங்குத்தாக வெட்டிய பக்கம். மலையை ஒட்டிய வரிசை வீடுகள் அப்படியே சேற்றுக்குள் போயின. எட்மண்ட் சார் வீடும்தான்.

டீக்கடையிலிருந்து ஓடிவந்த சிட்டிபாபு, யாரும் சொல்லாமலேயே, வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். இருக்கேன். இருக்கேன் சார். இருக்கோம். எட்மண்ட் சார் பேருக்கு மட்டும் பதில் வரவில்லை. அவர் என் கேட்டருகே சேற்றில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது "இருக்கேன்" என்றார், குரல் உடைந்துபோய்.

கணக்குச் சரியாக இருந்தது.

அவனைத் தேடினேன். அடிவாரத்தில், சரியாமல் நின்ற பாறையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். சாவியைத் தொலைத்தவன் தடவுகிற மாதிரி. பாறை பாறையாகவே இருந்தது.

"அது யாரும்மா?" என்றார் சிட்டிபாபு.

"துளசிங்கம்" என்றேன்.

"அவன் காஞ்சிபுரம் பூட்டு எத்தினி வருசம்..." என்றவர் நிறுத்திக்கொண்டார். அந்தத் தோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, அந்தக் காலத்துக் குரலில், சத்தமாகக் கூப்பிட்டார்: "துளசிங்கம்."

கையைப் பாறையிலிருந்து எடுத்தான். இறங்கி வந்தான்.

"கீறேன்."

23 ஜூன், ஞாயிறு

மழை விடவில்லை. சர்ச்சுக்குப் போகவில்லை.

தண்டவாளத்தைச் சிட்டிபாபு பழைய பாறையிலேயே மாட்டிக் கொடுத்துவிட்டார். நேற்றுச் சாயங்காலம் துளசிங்கமும் நானுமாகப் போய் ஆளுக்கு ஒரு அடி அடித்தோம்; எனக்கு இப்போது அவன் போய் அவர் வந்துவிட்டது. அவருடைய அம்மா தெருவுக்கு வெளிச்சம் போய்ச் சேர்ந்திருக்கும். ரொம்ப நேரம் பாறையில் காதை வைத்துக்கொண்டு நின்றார். எதுவும் கேட்கவில்லை என்றார். பிறகு, உள்ளேயிருந்து நாக்கைத் தட்டுகிற மாதிரி ஒரு சின்ன ஒலி. எனக்கும் கேட்டது. இரண்டு பேரும் அங்கேயே அழுதோம்.

எட்டு நாளாக வீட்டில் தரையில்தான் உட்காருகிறார், அப்பா இருக்கிற அறைக்கு வருவதே இல்லை. இன்று டீ போட்டுக்கொண்டு வந்தபோது பார்க்கிறேன், அப்பா எழுந்து நின்று, அசரியாவின் பிரம்பு நாற்காலியைத் துண்டால் துடைத்து, இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

துளசிங்கம் வாசற்படியிலேயே நின்றார். நான் டம்ளரோடு நின்றேன்.

"உக்காருங்க" என்றார் அப்பா. எத்தனை வருஷம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு. அவர் பயந்து பயந்து உட்கார்ந்தார். பிரம்பு முறிகிற மாதிரி கத்தியது, முறியவில்லை.

"உங்க தங்கச்சி பேரு என்ன?"

"சொல்ல ஒரு மழக்காலம் ஆவும் சார்."

அப்பா என் கையிலிருந்து டம்ளரை வாங்கி அவர் முன்னால் வைத்தார். உப்பு டப்பாவையும் எடுத்துவரச் சொன்னார்.

"சொல்லுங்க. எனக்கு வேற வேலை இல்லை" என்றார்.

துளசிங்கம் சொல்ல ஆரம்பித்தார். நான் சமையலறையிலிருந்து இதை எழுதுகிறேன். அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.